டெல்வாஸில் இன்னும் இறங்காதவன்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் தன் கடைக்கென்று ஒரு தீபாவளி மலர் போடுகிறார். பட்டுப்புடவை விளம்பரங்களுக்கு நடுவே காலியாக இருந்த பக்கங்களுக்கு ஒரு விண்வெளிப் போர்க்கதை கேட்டார். "கடைசில பய சாகணும் சார். அப்பத்தான் மனசுல நிக்கும், பாத்துக்கிடுங்க" என்றார். புடவை எடுக்க வருகிறவர்களை அழவைத்து அனுப்புவதில் என்ன வியாபாரமோ!

2

டெல்வாஸ் என்ற கிரகத்தில் அமில மழை கொட்டிக்கொண்டிருந்தது. (பெயர் என் ரத்த அழுத்த மாத்திரையிலிருந்து ஓரெழுத்தை மாற்றிச் சுட்டது.) அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, மூச்சுவிடக் காற்று இல்லை, வெயில் ஆளைக் கொல்லும். ஆனாலும் இரண்டு படைகள் அதற்காக அடித்துக்கொண்டன. நம்ப முடியாதவர்கள் மயிலாப்பூரில் ஃப்ளாட் தேடிப் பார்க்கலாம்.

அந்தப் போருக்குக் கிளம்புகிறான் ஹரி என்ற சிப்பாய். விண்கலம் மறைந்ததும் அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பெருக்க ஆரம்பித்தா—

3

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. பின்னால் நின்று படித்த என் மனைவி ஜானு கையைப் பிடித்துவிட்டாள். ஊருக்குக் கிளம்பினவன் போய்ச் சேர்ந்த செய்தி வருமுன் எந்த அம்மாவாவது வீட்டைப் பெருக்குவாளா, உங்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டாள்.

டெல்வாஸ் போய்ச் சேரப் பதினோரு வருஷம் ஆகும் என்றேன். அப்படியானால் பதினோரு வருஷமும் பெருக்கக் கூடாதாம். (என் அறிவியலில் இதற்கு இடம் ஒதுக்கவில்லை.)

4

இது ஓர் அடிக்குறிப்பு. சுயம்புலிங்கம் தாண்டிப் போய்விடலாம்.

எங்கள் மகன் நிரஞ்சன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் போவது சண்டை நடக்கும் கடல் வழியாக. ஏறின பிறகு அவனிடமிருந்து போன் வரவில்லை. கம்பெனியில் கேட்டால் கவலைப்படாதீர்கள் என்று ரொம்ப அழகாகச் சொல்கிறார்கள். அவன் கிளம்பியதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் துடைப்பத்தைத் தொடவில்லை. வேலைக்கு வரும் அன்புச்செல்வியைப் பாத்திரம் தேய்ப்பதோடு போதும் என்று நிறுத்திவிட்டாள் ஜானு. நான் பகுத்தறிவாளன், இதையெல்லாம் மேடை போட்டுக் கிண்டல் செய்கிறவன். நேற்று அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது காபிப்பொடியைக் கொட்டிவிட்டேன். கூட்டி அள்ளவில்லை. பயமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: ஹரி வீரமரணம் அடைகிறான். (ஜானு படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.)

முடிவு இரண்டு: இரண்டு படைகளும் தவறை உணர்ந்து கைகுலுக்கிக்கொ— (எழுதிய எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

"ஜெயிக்கறது தோக்கறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் ஜானு. "மொதல்ல அவன எறக்கி விடுங்கோ. வந்து சேந்துட்டேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கோ."

சொல்ல வைக்கலாம்தான். இரண்டு வரி வேலை. ஆனால் ஹரி சொல்லிவிட்டால், எங்கள் பிள்ளை இன்னும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் வீட்டில் மிஞ்சும். அதனால் அவன் விண்கலத்திலேயே இருக்கிறான். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சாகடிப்பதாக இருந்தால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், எங்கள் காதில் விழாமல் சாகடியுங்கள்.