நல்ல தண்ணீரின் ஆழம்

உலகச் சண்டை முடிந்த மூன்றாம் வருஷம். எண்ணூர் மணலில் கீரை பயிரிட்ட நீலமேகத்துக்குக் கூட்டுறவுச் சங்கம் நூறு ரூபாய் கடன் கொடுத்தது. கிணற்றை ஆழமாக்க. தை மாதம் முதல் தவணை. தவறினால் தோட்டம் போகும்.

அதுவரை கிணறு என்பது ஓர் ஆள் ஆழப் பள்ளம்தான். அவன் மனைவி சிவந்தி குடத்தால் மொண்டு ஊற்றுவாள். பள்ளம் வற்றினால், மறுபடி ஊறும்வரை கரையில் உட்கார்ந்திருப்பாள்.

கடன் வந்ததிலிருந்து நீலமேகம் விழித்தபடியே கனவு கண்டான். ரயில் பாதைவரை வாழை. இலைகளின் நடுவே ரயில் வருகிறது. அதன் புகைகூடப் பச்சை.

"இன்னா நைனா, மணல பாத்து சிரிச்சிகினு கீற?" என்றான் கிணறு வெட்ட வந்த ஞானம்.

"வாழ."

"எங்க?"

"தோ, உன் காலாண்ட. மிதிக்காத."

ஞானம் துள்ளி விலகினான். சிவந்தி சிரித்துவிட்டாள்.

இரண்டு ஆள் ஆழத்தில் நீர் பெருகியது. அவள் அள்ளிக் குடித்தாள். இனித்தது.

"போதும்யா. கடலு கிட்டக்க கீது."

"துட்டு மிச்சம் கீதே. இன்னும் ஓர் ஆளு போவலாம்," என்றான் நீலமேகம்.

ஞானம் தோளைக் குலுக்கினான். அவனுக்கு ஆழத்துக்குத்தான் கூலி.

மூன்றாம் ஆள் ஆழத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. உள்ளே வானம் கிடந்தது. அதில் ஒரு கொக்கு நெடுநேரம் பறந்தது. முதல் தடவையாகத் தோட்டம் முழுவதும் நனைந்து மின்னியது.

ஒரு வாரத்தில் கீரை ஓரம் கருகியது. சிவந்தி கிணற்று நீரை வாயில் விட்டுத் துப்பினாள். உப்பு.

பாலின் மேல் ஏடுபோலத்தான் நல்ல தண்ணீர் கிடந்திருக்கிறது. அடியில் கடல். நீலமேகம் ஏட்டைக் கிழித்துவிட்டான்.

மீதிக் கடன் பணத்தில் மாதவரம் ஏரியிலிருந்து வண்டி வண்டியாகக் களிமண் வந்தது. ஞானமே இறங்கி மிதித்து, உப்பு ஏறிய அடியை மூடினான்.

"வெட்றதுக்கும் கூலி, மூட்றதுக்கும் கூலி. உன்ன மாரி இன்னும் ரெண்டு பேரு இருந்தா நான் மெத்த வூடு கட்டிருவேன், நைனா."

நீலமேகம் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் மழை. மணல் இரவும் பகலும் குடித்தது. மழை விட்ட காலையில் சிவந்தி இறங்கி ஒரு கை அள்ளினாள். வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தண்ணீரில் மேகம் நகர்ந்தது.

"சொல்லும்மே," என்றான் கரையிலிருந்து.

விழுங்கினாள்.

"லேசா கரிக்குது. கீர தாங்கும். வாழ தாங்காது."

இப்போது விதைத்தால் தைத் தவணைக்குள் இரண்டு அறுப்பு எடுக்கலாம். நீலமேகம் மண்வெட்டியை எடுத்தான்.