பாதிக்குப் பாதி

என் தம்பி லுத்ஃபி தூக்கத்தில் இறந்தான். வலிப்பு மாத்திரையை நிறுத்திப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. நிறுத்தலாம் என்று அவன் துணிந்ததற்கு நான் காரணம்.

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஓர் ஆலிவ் எண்ணெய் ஆலையில் அவனுக்கு வேலை. வலிப்பு தூக்கத்தில் மட்டுமே வரும். மாத்திரையோ பகலெல்லாம் தூங்கவைக்கும். "ஆலையில மூட்டையோட மூட்டையா என்னையும் எடை போட்டுடுவாங்கக்கா" என்பான். ரத்தத்தைச் சோதித்ததில், மூளையிலுள்ள நிகோடினிக் ஏற்பியின் ஒரு கூறுக்கான மரபணுவில் சிறு மாற்றம் தெரிந்தது. வலிப்பு அதனால்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துனிஸ் ஆய்வகத்தில் பதினாறு ஆண்டுகளாக நான் சோதித்து வந்தது அந்த ஏற்பிகளைத்தான்.

ஐந்து கூறுகள் வட்டமாகச் சேர்ந்த கதவு அது. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைக் கூறுகள். இரண்டுக்குமான செய்முறைக் குறிப்பை, அதாவது ஆர்.என்.ஏ.வைக் கண்ணாடி ஊசியால் தவளை முட்டைக்குள் செலுத்தி மூன்று நாள் குளிரில் வைத்தால், முட்டை தானாகவே கதவுகளைச் செய்து தன் மேல் பொருத்திக்கொள்ளும். நரம்புகள் செய்தி கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை ஓடவிட்டால் கதவு திறக்கும்; திரையில் மின்னோட்டக் கோடு இறங்கும்.

தம்பியின் மாறிய ஆல்ஃபாவைப் பீட்டாவுடன் செலுத்தினேன். நாற்பது முட்டைகளிலும் கோடு எல்லோருடையதையும் போலவே இறங்கியது. அன்றே தொலைபேசியில் சொன்னேன்.

"அந்த மாற்றம் ஒண்ணும் பண்ணலடா."

"அப்ப மாத்திரைக்குத் தலாக் சொல்லிடலாமா?"

"டாக்டரைக் கேளு" என்றேன், சிரித்துக்கொண்டே. அவன் டாக்டரைக் கேட்காமலே நிறுத்திவிட்டான்.

இதயம் நின்றிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். நாற்பதாம் நாள் கழிந்து அவன் மனைவி நஜ்லா அழைத்தாள். அவர்களுடைய மகள் ஷிராஸுக்கு ஒன்பது வயது. அதே மாற்றம், அதே வலிப்பு, அதே மாத்திரை.

"வகுப்புல தூங்கி விழறாக்கா. நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே. இவளுக்கும் நிறுத்திடலாம்னு இருக்கேன்."

இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். காரணம் என்னிடம் இல்லை, பயம்தான். குழந்தையின் அறிக்கையை அனுப்பச் சொல்லிப் படித்தேன். அந்த மரபணுவின் தந்தைவழிப் பிரதியில் மாற்றம், தாய்வழிப் பிரதி இயல்பு என்று அதில் இருந்தது.

தம்பிக்கும் அப்படித்தானே. அவன் மூளையில் மாறிய ஆல்ஃபா ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. நல்லதும் மாறியதும் பாதிக்குப் பாதி. நான் நல்லதைச் சேர்க்கவே இல்லை. கலந்தால் ஒரே முட்டையில் பலவகைக் கதவுகள் உருவாகும், கோட்டுக்குப் பொருள் சொல்வது கடினம். அதனால் தனியாகச் சோதிப்பதே எங்கள் வழக்கம். சுத்தமான சோதனை என்போம். அந்தச் சுத்தம் எந்த மனிதரிலும் இல்லை என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ரமலான் தொடங்கியிருந்தது. பிற்பகலில் நோன்போடு, இரண்டு ஆல்ஃபாவையும் கலந்து முட்டைகளுக்குள் செலுத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தலைவர் டாக்டர் முன்ஸிஃப் எட்டிப் பார்த்தார்.

"காலையிலயே ஊசி போட்டு முடிச்சுடு. நோன்புக் கையால முட்டைய உடைச்சேன்னா அந்தத் தவளைக்கு யாரு பதில் சொல்றது?"

மூன்றாம் நாள் அவரும் பக்கத்தில் நின்றார். பாதிக்குப் பாதி கலந்த முட்டையின் மேல் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு அசிட்டைல்கோலின்தான் விட்டேன். கோடு அடிவரை இறங்கியது. அடுத்த முட்டையிலும். இருபதாவதிலும். கலந்த கதவு துளிக்கே முழுதாகத் திறந்துவிடுகிறது; வலிப்பைக் கிளப்பக்கூடிய திறப்பு.

"தவளை முட்டை மூளை இல்ல, ரவ்தா" என்றார் மெதுவாக.

"தெரியும்."

"இத வெச்சு அவன் சாவுக்குக் காரணம் சொல்ல முடியாது."

"மாத்திரைய நிறுத்தலாம்னு சொல்ல முடியுமா, டாக்டர்?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடியாது."

மறுநாள் ரயிலில் ஸ்ஃபாக்ஸ் போனேன். நஜ்லா இஃப்தாருக்குச் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். ஷிராஸ் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் தொலைபேசியில் சொன்னதையும், எதைச் சேர்க்காமல் விட்டேன் என்பதையும். அவள் அடுப்பை அணைத்தாள்.

"நல்லதையும் சேர்த்துப் பார்க்க எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள்."

"மூணு நாள்" என்றாள். பிறகு, "அப்பவே பார்த்திருந்தா, அவர் மாத்திரைய விட்டிருப்பாரா?"

"திட்டிக்கிட்டே போட்டிருப்பான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இவளுக்கு எத்தனை வருஷம் மாத்திரை கொடுக்கணும்?"

"தெரியல. டாக்டர்கிட்ட நானும் வரேன். தூக்கம் வராத வேற மாத்திரை இருக்கான்னு கேக்கலாம்."

"நான் கேட்டுக்கறேன். நீங்க கிளம்புங்க. அவ வந்து உங்களப் பார்த்தா, இங்கயே இருக்கச் சொல்லுவா. இன்னைக்கு என்னால முடியாது."

பாங்கு சொல்லும்போது ரயிலில் இருந்தேன். எதிரே இருந்த ஓர் அம்மாள் பேரீச்சம்பழம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை.

பெருநாளுக்கு நஜ்லா அழைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து அழைத்தாள். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பிள்ளை இப்போது வகுப்பில் விழித்திருக்கிறாள் என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வைப்பதற்கு முன்னால், "இருங்க, ஷிராஸ் பேசணுமாம்" என்றாள்.