மயில்துத்த மண்

குடாநாட்டை விட்டு ஒருவர் வெளியேற வேண்டுமென்றால், அவர் திரும்பி வரும்வரை தான் இங்கேயே இருப்பதாக இன்னொருவர் இயக்கம் பயண அனுமதி கொடுக்கும் பாஸ் கந்தோரில் பிணை நிற்க வேண்டும். அருந்ததிக்குப் பிணை நிற்கத் தகப்பனின் தம்பி தம்பிராசாவைத் தவிர ஒருவரும் இல்லை. அவரோ கேட்கும்போதெல்லாம், "பாப்பம் பிள்ளை, பாப்பம்" என்று சால்வையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

தகப்பன் ஏரம்புவின் செத்தவீட்டுக்காகத் தொண்ணூறாம் ஆண்டு பண்டத்தரிப்புக்கு வந்தவள் அவள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமுன்னரே சண்டை மூண்டு பாதை அடைபட்டது. அதற்கு முன் பப்புவா நியூகினி மலைகளில் செம்பும் பொன்னும் தேடும் குழுவில் வேலை செய்தாள். அங்கே செம்பு நரம்பாக ஓடுவதில்லை. பொன்னையும் கூட்டிக்கொண்டு, மலை முழுவதும் பொடிப்பொடியாகத் தூவிக் கிடக்கும். அதைப் பிடிக்க முதலில் மண்ணைத்தான் கேட்க வேண்டும். கயிறு பிடித்துக் கட்டம் கட்டமாக நடந்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு பிடி அள்ளிச் சோதிக்க வேண்டும். அவள் அப்படி நடந்த மலையில் வரும் தையில் துளையிடப் போகிறார்களாம். வந்தால் இடம் உண்டு என்று கொழும்பிலிருந்து வந்த ஒருத்தியிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

இரண்டு வருடமாக அவள் கால்களுக்குக் கிணற்றடியும் வாசல் படலையும்தான் எல்லை. ஒரு பிற்பகல், தாங்க முடியாமல், தகப்பனின் காய்ந்துபோன திராட்சைப் பந்தலுக்குள் கயிறு பிடித்தாள். எதையும் தேடி அல்ல. உடம்பு அந்த நடையை மறந்துவிடுமோ என்று பயம். அள்ளிய செம்மண்ணைச் சிரட்டைகளில் போட்டு, வினாகிரி ஊற்றி ஊறவைத்து, தெளிந்த நீரில் சிரட்டைக்கு ஓர் இரும்பாணியை இறக்கினாள். மண்ணில் செம்பு இருந்தால் ஆணியில் சிவப்பாகப் படியும்.

"என்ன பிள்ளை, ஆணிக்கு ஊறுகாய் போடுறியோ?" என்று கேட்டபடி காலையில் தம்பிராசா வந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே ஓர் ஆணியைத் தூக்கினாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆணி சிவந்திருந்தது. ஒரு கணம் நெஞ்சு பழைய மலையில்போல் துள்ளியது. அடுத்த கணமே முதுகில் மருந்து தெளிக்கும் மெசினோடு, மயில்துத்தம் பட்டு நீலம் பாரித்த சேர்ட்டோடு தகப்பன் அந்தப் பந்தலுக்குள் நடப்பது கண்ணில் வந்தது.

தம்பிராசா ஆணியைப் பறித்து வெயிலில் பிடித்தார். "உது செம்பெல்லே!"

"ஓம் குஞ்சியப்பு. ஆனா அது..."

"செம்பு இருக்கிற இடத்திலை பொன்னும் கிடக்குமெண்டு நீதானே சொன்னனீ."

"அது அந்த மலையளிலை. இஞ்சை கீழை கிடக்கிறது கடல் போட்ட சுண்ணாம்புக்கல்லு. இது அப்பா இந்த முந்திரிகைப் பந்தலுக்கு அடிச்ச மயில்துத்தம். அந்த மருந்திலை இருக்கிறதே செம்புதான்."

"அண்ணை போய் ரெண்டு வருசம். எத்தினை மாரி பெய்ஞ்சிட்டுது! மருந்து இன்னும் கிடக்குமே?"

"செம்பு எங்கையும் போகாது குஞ்சியப்பு. விழுந்த இடத்திலையே கிடக்கும்."

"போகோணுமெண்டதுக்காக எனக்குக் கதை விடாதை. இனி நீ ஏன் போறாய்? வேலை இஞ்சை உன்ரை காலுக்கடியிலை கிடக்கு." அவர் ஆணியை மடியில் செருகிக்கொண்டார். பிணை பற்றிய பேச்சுக்கு இனி இடமில்லை என்பது அந்தச் செருகலிலேயே தெரிந்தது. தன்னை அடைக்கும் கதவுக்குத் தானே தாழ்ப்பாள் செய்து கொடுத்ததாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மண்வெட்டியோடு அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆணி மிகச் சிவந்த இடத்திலேயே குழி. மேலே ஒரு பிடி, முழங்கை ஆழத்தில் ஒரு பிடி, வெள்ளைக்கல் தட்டுப்படும் இடத்தில் ஒரு பிடி. செம்பு கீழேயிருந்து வந்ததென்றால் அடிமண்ணும் சொல்ல வேண்டும். மூன்று சிரட்டையையும் அவரிடமே கொடுத்தாள். "நீங்களே உங்கடை வீட்டிலை வைச்சுப் பாருங்கோ."

அடுத்த நாள் பின்னேரம் மூன்று ஆணிகளோடு அவர் திரும்பி வந்தார். மேல்மண்ணில் கிடந்தது சிவப்பு. மற்ற இரண்டும் கறுத்தே கிடந்தன.

"அண்ணை அளவுக்கு மிஞ்சி அடிச்சிருக்கிறார்," என்றார். குரலில் பகிடி வரவில்லை. "என்ரை மகள் குணலட்சுமி என்னை ஜேர்மனிக்கு வரச்சொல்லி நிக்கிறாள். உனக்குக் கையெழுத்து வைச்சால் நீ வரும்வரைக்கும் நான் படலை தாண்டேலாது. செம்பெண்டால், ரெண்டுபேரும் இஞ்சை இருக்க ஒரு சாட்டாவது இருக்குமெண்டு பாத்தன்."

அவர் 'பாப்பம், பாப்பம்' என்று இழுத்ததெல்லாம் ஏனென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. தன் அடைப்பை மட்டுமே அவள் இவ்வளவு நாளும் அளந்திருந்தாள்.

"நாளைக்குக் கந்தோர் திறக்கும்," என்றார் அவர். "வெள்ளன வெளிக்கிடு." பிறகு, அவளைப் பார்க்காமலே, "திரும்பி வருவாய்தானே பிள்ளை?"

ஒரு பிடி மண்ணைப் பற்றிக்கூட அவரிடம் பொய் சொல்ல முடியாதவள் அவள்.

"ஓம் குஞ்சியப்பு," என்றாள். "வாறன்."

அவர் தலையாட்டினார். சிவந்த ஆணியை வேட்டித் தலைப்பால் துடைத்தார். சிவப்பு எளிதாகக் கழன்று துணியில் ஒட்ட, உள்ளே பழைய இரும்பு தெரிந்தது. அதைப் பார்த்தபடி அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.