இரண்டாம் முச்சனேட்டா

தான் செத்துப் பல வருடங்கள் ஆகின்றன என்று அலுவலகத்தில் சொன்னதும், மைடேயி கேட்ட முதல் கேள்வி, "அப்ப சந்தையில இத்தனை வருஷமா கடை வாடகை கட்டுறது யாரு, என் ஆவியா?" என்பதுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சிராரா சிரிக்கவில்லை. முன்னாள் போராளிகளுக்கான அலுவலகத்தில் சிரிப்பவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது போலிருக்கிறது. விடுதலைப் போர் முடிந்து நெடுநாள் கழித்துப் பிறந்தவன். கழுத்துப்பட்டை கட்டிய கழுத்து, கட்டாத கழுத்தை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தான்.

"நான் சொல்லலம்மா. பதிவு சொல்லுது. தோழர் முச்சனேட்டா, பெண் போராளி, ஆத்தங்கரைச் சண்டையில வீரமரணம். தியாகிகள் திடல்ல கல்லுலயே பேரு இருக்கு. போய்ப் பாருங்க."

"பாத்திருக்கேன். வருஷா வருஷம் பூ வைக்கிறேன்."

"பாருங்க, நீங்களே ஒத்துக்கறீங்க."

மைடேயி கைப்பையைத் திறந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து மேசைமேல் வீசினாள். இடது இடுப்பெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கீற்று. எல்லைக்கு அப்பால், மொசாம்பிக் முகாமில், வெள்ளையர் அரசின் விமானம் போட்ட குண்டின் சில்லு. பதினெட்டு வயதில் உள்ளே போனது இத்தனை காலம் வாடகை கொடுக்காமல் சும்மா குடியிருந்தது. இப்போது நகர ஆரம்பித்துவிட்டது. மழைக்காலத்துக்குள் எடுக்காவிட்டால் நரம்பை அறுத்துவிடும், அப்புறம் இடது கால் உன்னுடையதல்ல என்று டாக்டர் சொல்லிவிட்டார். போராளி கார்டு இருந்தால் ஹராரேயில் இராணுவ ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் கடையை விற்று, வீட்டை விற்று, அவளையும் சேர்த்து விற்றாலும் காணாது.

"இதைவிட என்ன பதிவு வேணும்? எதிரியே என் எலும்புல முத்திரை குத்தி அனுப்பியிருக்கான்."

சிராரா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இரும்பு இருக்கு. பேரு இல்லையே."

"எறிஞ்சவன் பேரு கேட்டுட்டா எறிஞ்சான்?"

விஷயம் இதுதான். காட்டுக்குப் போனவர்கள் சொந்தப் பெயரை எல்லையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். யாரும் யாருடைய பெயரையும் ஊரையும் கேட்கக் கூடாது. பிடிபட்டவன் வாய் திறந்தால் ஊரில் இருக்கும் தாயின் குடிசை எரியும். மைடேயியின் பிரிவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு தோழர் விழுந்தால், அடுத்து வரும் புதியவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். 'முச்சனேட்டாவைக் கொன்றோம்' என்று எதிரி வானொலியில் பீற்றிக்கொண்ட மறுவாரமே, 'முச்சனேட்டா வணக்கம் சொல்கிறாள்' என்று பாலத்துக்குப் பக்கத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். இவர்களைச் சுட்டால் சாகமாட்டார்கள் என்று எதிரிப் படையில் பையன்கள் அரண்டுபோனார்கள். முச்சனேட்டா என்றாலே, களைத்துப்போகப் போவது நீங்கள்தான் என்று பொருள்.

அந்தப் பெயர் மைடேயிக்கு ஒரு ஜோடி பூட்சோடு வந்தது. போட்டிருந்தவள் அதற்கு முந்தின வாரம்தான் செத்திருந்தாள். பூட்ஸ் பெரிது. புல்லைத் திணித்துப் போட்டுக்கொண்டாள். செத்தவள் உயரமா குட்டையா என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

ஆக, எதிரியை ஏமாற்றச் செய்த தந்திரத்தில் எதிரி ஏமாந்தானோ இல்லையோ, சொந்த அரசாங்கம் தலைகுப்புற விழுந்தது. போர் முடிந்து மற்றவர்கள் வரிசையில் நின்று பெயர் பதிந்தபோது மைடேயி இடுப்பில் கட்டோடு மொசாம்பிக் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் தாள்களை ஒரு வெள்ளம் கொண்டுபோயிற்று. மிச்சமிருப்பது கல்லில் ஒரு பெயர். அது அவளுடையது, அவளுடையதும் அல்ல.

"சாட்சி இருந்தா கொண்டு வாங்க," என்றான் சிராரா. "பேரைக் கைமாத்தினதை நேர்ல பாத்தவங்க."

பார்த்தவர்களில் தளபதி போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் ஒரே ஒருவன். அவன் சகுப்வா சந்தையில் அவள் கடைக்குப் பக்கத்துக் கடையில் பழைய செருப்பு விற்றுக்கொண்டிருந்தான்.

*

கிடி என்பது அவன் காட்டுப் பெயர். துப்பாக்கி என்று அர்த்தம். இப்போது அந்தத் துப்பாக்கிக்குத் தொப்பையும் சர்க்கரை வியாதியும் இருந்தன. மைடேயி பொதி பிரித்துப் பழைய சட்டைகளைக் குவித்து விற்பாள். அவன் அதே லாரியில் வரும் செருப்புகளை ஜோடி சேர்த்து விற்பான். சேராதவற்றையும் ஜோடி என்று விற்பான்.

"கிடி, நாளைக்கு என்கூட ஆபீஸுக்கு வா."

அவன் ஒரு ஷூவுக்கு எச்சில் தொட்டுத் தேய்த்தான். நிமிரவில்லை. "ஃபராய் அம்மா, இன்னிக்கு வெயிலு..."

"ஃபராய் அம்மான்னு கூப்பிடாத. என் மூத்தவன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடறது சந்தைக்காரங்க. நீ கூப்பிட வேண்டிய பேரு வேற."

"முச்சா, கோவிச்சுக்காத." குரலைத் தாழ்த்தினான். "கல்லு வைக்கும்போது நான்தான் சாட்சி சொன்னேன். முச்சனேட்டாவை என் கையால புதைச்சேன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்ல, புதைச்சேன். இப்ப அதே முச்சனேட்டா உசிரோட இருக்கான்னு எழுதிக் குடுத்தா, ரெண்டுல ஒண்ணு பொய்னு சொல்லி என் கார்டைப் புடுங்கிடுவானுங்க. என் சர்க்கரை மருந்து அதுலதான் வருது. மருந்து நின்னா காலை வெட்டணும்கறாங்க."

"அப்ப உன் கால் நிக்கணும்னா என் கால் போகணும்."

"நான் அப்படிச் சொல்லலியே."

"சொல்லலடா. நீ செருப்பு விக்கிறவன். அளவைச் சொல்லாமலே மாட்டி விட்டுடுவ."

அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவனைக் கேட்டு வந்த வாடிக்கையாளர்களிடம், "அந்தக் கடையா? எல்லாம் இடது காலுதான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். மத்தியானம் ஒரு வாடிக்கையும் தங்காததைப் பார்த்து அவன் ஒரு குவளை மஹேயு கூழ் வாங்கி வந்து அவள் முன் வைத்தான். "வரேன், வந்து தொலைக்கிறேன்" என்றான்.

*

மறுநாள் சிராரா இருவரையும் பார்த்ததும் கதவைச் சாத்தினான். குரலில் தேன் தடவிக்கொண்டான். மைடேயி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். வியாபாரி கதவைச் சாத்தி அன்பாகப் பேசினால், சரக்கில் ஓட்டை இருக்கிறது.

"யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு வழி இருக்கு," என்றான். "முதல் பதிவே தப்புன்னு வச்சுக்குவோம். சண்டைக் குழப்பம். இருட்டு. தோழர் கிடி தவறுதலா வேற யாரையோ முச்சனேட்டான்னு நெனச்சுட்டாரு. தவறுதல் குத்தமில்ல, அவர் கார்டு அவருக்கே. முச்சனேட்டா சாகவே இல்ல. நீங்கதான் முச்சனேட்டா. கையெழுத்துப் போடுங்க, ரெண்டு வாரத்துல கார்டு. மழைக்கு முன்னால ஆபரேஷன்."

கிடி பெருமூச்சு விட்டான். மைடேயியின் இடுப்பில் சில்லு அசைந்தது, அவளுக்கு முன்பே அது ஒப்புக்கொண்டதுபோல. பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. நடக்க வேண்டும் என்ற ஆசை யாருக்கு இல்லை?

"கல்லுல இருக்கற பேரு?"

"எடுத்துடுவோம். உசிரோட இருக்கறவங்க பேரு அங்க இருக்கக் கூடாதில்ல. ஒருத்தன் வந்து இழைச்சான்னா முடிஞ்சது."

"அவளோட சொந்தப் பேரு என்ன?"

"யாரோட?"

"கிடி புதைச்சவளோட."

சிராரா கிடியைப் பார்த்தான். கிடி தரையைப் பார்த்தான். "கேட்டதில்ல," என்றான். "கேக்கக் கூடாது."

மைடேயி பேனாவை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். குரல்தான் மெதுவாக இல்லை.

"தம்பி, நான் சந்தையில பொறந்தவ. எல்லாருக்கும் லாபம்னு எவனாவது சொன்னா, அந்த இடத்துல இல்லாதவன் தலையில மிளகாய் அரைக்கிறான்னு அர்த்தம். உனக்கு ஃபைல் மூடும். இவனுக்கு மருந்து. எனக்குக் காலு. அவளுக்கு? அவ ஆத்தா எந்த ஊர்ல இருந்து வாசலைப் பாத்துக்கிட்டே செத்தாளோ. அவளுக்குன்னு இந்த நாட்டுல இருக்கறது அந்தக் கல்லுல அரை முழம். அதையும் இழைச்சு எனக்குக் காலு செஞ்சு தருவியா? அவ பூட்ஸைப் போட்டேன். பேரைப் போட்டேன். அவ சாவையும் புடுங்கிப் போட்டுக்கணுமா?"

"விதிப்படி ஒரு பேருக்கு ஒரு ஆளுதாம்மா. ரெண்டு பேருன்னு எழுத இடமே இல்ல."

"குண்டு போட்டவனுக்கு இடம் இருந்துச்சே. ரெண்டு பேர் மேலயும் போட்டானே!"

எழுந்தபோது இடது கால் ஒத்துழைக்கவில்லை. கிடி கை கொடுக்க வந்தான். தட்டிவிட்டாள்.

*

ஆகஸ்ட் மாதத்துத் தியாகிகள் நாள். மலையிலிருந்து இறங்கும் குளிரில் திடலில் கொட்டகை போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் கார்டு உள்ள போராளிகள், பதக்கங்களோடு. மைடேயி விடிந்ததும் வந்து, பாயை விரித்து, பெயர்கள் செதுக்கிய கல்லின் அடியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

காவலன் வந்தான். "அம்மா, எந்திரிங்க. இது அமைச்சர் மாலை வைக்கிற இடம்."

"தெரியும். எனக்குத்தான் வைக்கிறாரு." தலைக்கு மேலே விரலை நீட்டினாள். "ஆபீஸ்ல கேட்டுப் பாரு. நான் செத்துட்டேன்."

செத்தவர்களை அப்புறப்படுத்த அவனுக்கு உத்தரவு இல்லை. மேலே கேட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அதற்குள் பேண்டு வாத்தியம் முழங்கிவிட்டது. அமைச்சர் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு நிதானமான நடையில் வந்தார். நான்கு அடி தள்ளி நின்றார். கல்லுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சந்தைக்காரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"குடுங்கய்யா. வாங்கிக்கத்தான் வந்தேன். இத்தனை வருஷமா நான் இல்லாதப்ப வச்சுட்டுப் போயிடறீங்க."

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஒரு கொம்பு மட்டும் சற்று இழுத்துவிட்டு வெட்கப்பட்டு அடங்கியது. கூட்டத்தில் கைபேசிகள் உயர்ந்தன. சிராரா கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் பறக்க ஓடி வந்தான்.

"அம்மா, ப்ளீஸ், ஆபீஸ்ல பேசிக்கலாம்..."

"செத்தவ ஆபீஸுக்கு வரமாட்டா. நீ வந்திருக்க, இங்கயே பேசு." எக்ஸ்ரே படத்தை அமைச்சரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சூரியன் அதன் பின்னால் இருந்தது. வெள்ளைக் கீற்று பளிச்சென்று தெரிந்தது. "இந்தக் கல்லுக்குக் கீழ எவ்வளவு தோண்டினாலும் இந்த இரும்பு கிடைக்காதுங்கய்யா. இது என்கிட்ட இருக்கு."

"என்னய்யா இது?" அமைச்சர் சிராராவைக் கேட்டார்.

"ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல்..."

"சிக்கல் ஒண்ணும் இல்ல!"

முன்வரிசையிலிருந்து கிடி எழுந்து வந்துகொண்டிருந்தான். பதக்கங்கள் தொப்பையில் மோதிக் கிலுகிலுத்தன. "முச்சனேட்டா ரெண்டு பேரு. ஒருத்தியை நான் ஆத்தங்கரையில புதைச்சேன், தோண்ட மண்வெட்டி இல்லாம சாப்பாட்டுத் தட்டால தோண்டினேன். ரெண்டாவது ஒருத்தி எனக்குப் பக்கத்துக் கடையில என் வியாபாரத்தைக் கெடுத்துட்டிருக்கா. ரெண்டு சத்தியமும் நெசம்." சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துச் சிராராவின் கையில் அறைந்தான். "புடுங்கணும்னா இப்பவே புடுங்கு. எல்லாரும் பாக்கட்டும்."

அத்தனை கைபேசிகள் பார்த்துக்கொண்டிருந்தன. சிராரா அந்தக் கார்டை நெருப்புத் துண்டைப்போலக் கிடியின் பைக்குள்ளேயே திரும்பச் செருகினான். அமைச்சருக்கும் கைபேசிகளை எண்ணத் தெரியும்.

"எழுதிக் குடுய்யா," என்றார். "ரெண்டு பேருன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"முத்திரை ஆபீஸ்ல இருக்குங்க. இன்னிக்கு லீவு."

"நான் எங்கயும் போகல," என்றாள் மைடேயி. "பாய் கொண்டு வந்திருக்கேன்."

முத்திரை எடுத்துவரக் கார் போயிற்று. சிராரா நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். "உங்க சொந்தப் பேரு?"

"முதல்ல அவளை எழுது."

"அவங்க பேரு யாருக்கும் தெரியாதேம்மா."

"தெரியாதுன்னு எழுது. இப்படி ஒருத்தி இருந்தா, செத்தா, அவ பேரு எங்களுக்குத் தெரியலன்னு எழுது. அதுக்குக் கீழ என்னை எழுது. மைடேயி முயாம்போ."

கிடி வாயைப் பிளந்தான். இத்தனை வருடம் தோளோடு தோள் கடை போட்டும் அவன் கேட்டதில்லை. "மைடேயியா? உன் மூஞ்சிக்கு அது பொருந்தவே இல்ல."

"உன் செருப்பு யாருக்குப் பொருந்திச்சு?"

கார் திரும்பியது. அமைச்சர் முதுகை வளைத்து உதவியாளரின் ஃபைல்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மலர்வளையத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, விட்டால் போதும் என்று வண்டியேறினார். முத்திரை குத்தத்தான் இடமில்லை. நாற்காலியில் வைத்தால் துணி வழுக்கியது, ஃபைலோ அமைச்சரோடு போய்விட்டது. சிராரா சுற்றிலும் பார்த்தான். கெட்டியாக, சமமாக அங்கே இருந்தது அந்தக் கல் ஒன்றுதான். தாளை அதன் விளிம்பில் வைத்து முத்திரையை ஓங்கினான்.

மைடேயி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யார் வீட்டு மேசைன்னு நெனச்ச? கேட்டுட்டு வை."

சிராரா அவளைப் பார்த்தான். கிடியைப் பார்த்தான். பிறகு, கழுத்துப்பட்டையை ஒதுக்கிக்கொண்டு, பெரியவர்களிடம் பேசப் போகிற பிள்ளையைப்போலக் கல்லின் முன் குந்தினான். இரண்டு கைகளையும் குவித்து, அனுமதி கேட்கும் ஊர் வழக்கப்படி மெல்லத் தட்டினான்.

"சத்தமா தட்டு," என்றாள் மைடேயி. "அவ ரொம்ப தூரத்துல இருக்கா."