மழைத்தண்ணீர் போகும் துளை

பெருவிரல் நுழைகிற அளவுத் துளைதான் அது. படகின் பின்பக்கத்தில், அடியோடு ஒட்டி இருக்கும். ஏரியில் ஓடும்போது பித்தளை மூடியைத் திருகி அதைப் பூட்டிவிடுவார்கள். குளிர்காலத்துக்காகப் படகை லிஃப்ற்றில் தூக்கி நிறுத்தினால் மூடியைக் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே விழுகிற மழை ஓடிப்போகும். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஊரை விட்டு வந்து சேர்ந்த இந்தப் பனிநாட்டில், படகுகளைக் குளிர்காலத்துக்குத் தயார்ப்படுத்தும் கொம்பனி ஒன்றில் நானும் என் தங்கை பேர்ணடெற்றின் கணவன் சீமோனும் வேலை செய்தோம். நான் குருநகர். அப்பா, அவருடைய அப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். சீமோன் இளவாலையில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. நீந்தத் தெரியாது. அந்தப் பயத்தில், கொம்பனி தந்த கடதாசியில் இருப்பதை ஒன்றுவிடாமல் செய்து, ஒவ்வொன்றுக்கும் சரி போடுவான். "கடதாசிக் கவர்னர்" என்று நக்கலடிப்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போவான்.

ஒக்ரோபரில் பிக்கரிங்கில் ஓர் ஏரிக்கரை வீட்டுக்குப் போனோம். தண்ணீருக்குள் நான்கு இரும்புக் கால்கள், படகைத் தாங்கும் கம்பிக் கயிறுகள், மேடையில் நின்று சுற்ற ஒரு சக்கரச் சில்லு. அதுதான் லிஃப்ற். நான் படகை உயர்த்தினேன். சீமோன் எஞ்சினுக்குள் உறையாத சிவப்புத் தண்ணீரை ஊற்றினான், மூடியைக் கழற்றி ஆசனத்தில் வைத்தான், சரி போட்டான்.

"மச்சான், நீங்கள் படகை மூடுற கவரைக் கட்டுங்கோ. நான் பற்றறியை வான் வண்டியிலை ஏத்திப்போட்டு வாறன்."

தனியே நின்றேன். துளை திறந்து கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை. சிறுவயதில் ஒருமுறை எங்கள் படகின் துளையை மூட மறந்ததற்கு அப்பா துடுப்பால் அடித்திருக்கிறார். கவர் இருக்கிறதுதானே, தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு மூடியைப் பூட்டினேன். கையும் மனமும் ஆறின. சீமோனிடம் சொல்லவில்லை.

படகைக் கரையேற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டிய ட்ரெய்லர் மூன்று கிழமை பிந்தியது. அதற்குள் காற்று கவரைக் கிழித்துவிட்டது. மழை விட்டுவிட்டுக் கொட்டியது.

நொவம்பரில் படகை இறக்கப் போனோம். சீமோன் நெஞ்சளவு றப்பர் உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கி, படகை லிஃப்ற்றோடு கட்டியிருந்த அடிப்பட்டியை அவிழ்க்கக் கீழே குனிந்தான். நான் மேடையில் நின்று சில்லை அசைத்துப் பார்த்தேன். அந்தச் சில்லு ஒருநாளும் அப்படிப் பாரமாக இருந்ததில்லை. உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

"சீமோன், வெளியிலை வா!" என்று கத்தினேன். கம்பி அறுந்து படகு அவன்மேல் விழுந்தது.

குதித்தேன். இழுத்தேன். தள்ளினேன். படகு அசையவில்லை. தீயணைப்புக்காரர் வந்து எடுத்தபோது அவன் செத்துப்போயிருந்தான்.

விசாரித்த அதிகாரி ஒரு கேள்விதான் கேட்டார். மூடியைக் கழற்றியதாகக் கடதாசியில் சரி போட்டிருக்கிறது, அப்படியானால் திரும்பப் பூட்டியது யார்? நான் சொல்லவேண்டியிருந்தது ஒரேயொரு வசனம். தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம்தான் எனக்குள் முந்திக்கொண்டது. அவளுடைய வீட்டு பேஸ்மென்றில்தான் இருக்கிறேன். இந்த நாட்டில் எனக்கு வேறு யாரும் இல்லை.

"கடைசியாப் படகிலை நிண்டது சீமோன்தான்" என்றேன்.

அவனுடைய கவனயீனம் என்று எழுதிக்கொண்டு போனார். சீமோனின் இரண்டு பிள்ளைகளில் எட்டு வயது மகன் என்னிடம் வந்து, "மாமா, அப்பா மிஸ்ரேக் விட்டவரோ?" என்று கேட்டான். அவன் தலையைத் தடவிவிட்டேன். என்னைப்போல ஒரு கேடுகெட்டவன் இருக்கமுடியாது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த சனமெல்லாம் போய்விட்டது. பேர்ணடெற் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நான் மேசையடியில் இருந்தேன்.

"அண்ணை, மூடியைப் பூட்டினது அவர்தானோ?"

"ரிப்போட்டிலை அப்பிடித்தானே..."

"நான் ரிப்போட்டைக் கேக்கேல்லை." அவள் திரும்பாமலே சொன்னாள். "அந்த மனிசன் கழட்டச் சொன்னால் கழட்டிப்போட்டு வந்திடும். படகிலை ஓட்டையைக் கண்டால் கை பதறுறது கடலுக்குப் போற எங்கடை ஆக்களுக்குத்தான்."

அவள் அடுத்த கோப்பையைக் கழுவினாள்.

"நானெண்டாலும் பூட்டித்தான் இருப்பன். அதுக்கு உங்களிலை எனக்குக் கோவமில்லை." தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள். "செத்துப்போன மனிசன்ரை தலையிலை ஏன் பழியைப் போட்டனீங்கள்?"

அழுதேன். அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"பிள்ளையள், கீழை வாங்கோ. மாமா உங்களுக்கு அப்பாவைப் பற்றி ஒண்டு சொல்லப்போறார்."

இருவரும் ஓடிவந்தார்கள். மகள் தாயின் பக்கத்தில் நின்றாள். மகன் கதிரையை இழுத்து எனக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தான்.