ஜீப் டிரைவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்த நாட்களில்தான், ரோப் கார் வந்தால் ஜீப் டிரைவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவரும் ஜீப் டிரைவர்தான். எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். பெயர் வெங்கடேஷ். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை, வாயை மூடிக்கொள்கிற ஆள். கத்துகிறவரோடு குடும்பம் நடத்திவிடலாம். எனக்கும் நன்றாகவே கத்த வரும். ஆனால் எதிரில் ஒருவர் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது தனியாக எவ்வளவு நேரம் கத்துவது?

வேலை இதுதான். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ரோப் கார் விடலாமா என்று ஒரு யோசனை. விடுவதற்கு முன்னால், அதனால் மலையில் யாருக்கு வருமானம் கூடும், யாருக்குக் குறையும், சுற்றுலா வருகிறவர்கள் எங்கே தங்கி எதை வாங்குவார்கள் என்றெல்லாம் ஊர் ஊராகக் கேட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். பொருளாதாரத் தாக்க மதிப்பீடு என்று அதற்குப் பெயர். அந்த வேலையை எடுத்த கம்பெனி, கேள்வி கேட்க உள்ளூரில் டிகிரி படித்தவர்களைத் தேடியது. நான் பி.காம். முடித்துவிட்டு, கல்யாணமாகி வந்து, மிளகும் ஆரஞ்சும் காப்பியும் கலந்து கிடக்கும் மாமனார் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேள்விகள் ஏற்றிய டேப்லெட். தலைச்சோலையில் ஒரு பெரியம்மா, "ரோப் காருல காப்பி மூட்டைய ஏத்துவாங்களா கண்ணு, இல்ல ஆளுங்கள மட்டுந்தானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. குறித்துக்கொண்டேன். அவர்கள் சொல்வதை நான் கேட்கிறேன், கேட்டதை எழுதுகிறேன், எழுதியதை யாரோ படிக்கப் போகிறார்கள் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது.

அறிக்கையில் ஜீப் டிரைவர்கள் பகுதி மட்டும் காலியாகக் கிடந்தது. மஞ்சக்குட்டை ஸ்டாண்டின் தலைவர் அங்கப்பன் அண்ணன், ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பதில் சொன்னால் ரோப் காருக்குச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்களாம். நான் ஸ்டாண்டுப் பக்கம் போனாலே ஒருவர் குனிந்து டயரைப் பார்ப்பார், ஒருவர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். எல்லாம் நேற்றுவரை "வாங்க தங்கச்சி" என்றவர்கள்தான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வீட்டிலும் பேச்சு நின்றது. சரி, இவரும் ஸ்டாண்டோடு சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். பெண்டாட்டி பை மாட்டிக்கொண்டு போவது பொறுக்கவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் துப்பில்லை என்று நினைத்தேன். இரண்டு நாள் சாம்பாரில் உப்பை வேண்டுமென்றே குறைத்தேன். அதற்கும் ஒரு வார்த்தை வரவில்லை. மனுஷனை எதைக் கொண்டு சண்டைக்கு இழுப்பது?

எங்கள் சூப்பர்வைசர் மரியஜோசப் சார், ஏற்காட்டுக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கவலைப்பட்டார். "இந்தப் பகுதி காலியாவே போச்சுன்னா, ஜீப்காரங்களுக்கு நஷ்டமே இல்லைன்னு ஆயிரும்மா," என்றார்.

மறுநாள் காலையில், எங்கள் பெண் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இவர் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டியபடி, "இன்னைக்கு ஸ்டாண்டுக்கு வருவியா?" என்று கேட்டார்.

பாப்பாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவள் எதற்கு ஸ்டாண்டுக்குப் போகப் போகிறாள்?

"வருவேன். வந்து என்ன, அங்க எல்லாரும் ஊமையாத்தான் நிப்பீங்க."

"நான் பேசறேன். என்னையக் கேளு."

அவ்வளவுதான். போய்விட்டார். நாலு பேர் முன்னால் என்னைக் கேலி பண்ணத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குச் சுருக்கென்றது. சொந்த வீட்டு ஆளைப் பேட்டி எடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று மரியஜோசப் சாருக்குப் போன் போட்டேன். அவர், "நானே வந்து கேட்கிறேன்," என்று சந்தோஷமாகக் கிளம்பி வந்துவிட்டார். ஆனால் ஸ்டாண்டில் எங்கள் வீட்டு மகாராஜா, என்னைக் கைகாட்டி, அவங்க கேட்டால்தான் பதில் சொல்வேன் என்று நின்றார். கடைசியில் சார், கேள்வியை நான் கேட்பது, பதிலைப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தன் டேப்லெட்டில் பதிவது என்று முடிவு செய்தார்.

டீக்கடைக்காரர் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். பனிமூட்டம் இன்னும் விலகாத காலை. பஸ்ஸுக்கு நின்றவர்கள், காப்பிப் பழம் எடுக்கப் போகிறவர்கள், எல்லோரும் டீ கிளாஸோடு சுற்றி நின்றுகொண்டார்கள். டிரைவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அங்கப்பன் அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் குரலைச் சரிசெய்துகொண்டு, திரையில் இருந்தபடியே வாசித்தேன். "உங்கள் பெயர்?"

"வெங்கடேஷுங்க மேடம்."

டீக்கடைப் பக்கம் சிரிப்பு. எனக்குக் காது சூடானது.

"திருமணம் ஆகிவிட்டதா?"

"ஆயிருச்சுங்க."

"குடும்பத்தில் எத்தனை பேர்?"

"மூணு பேருங்க. நானு, சம்சாரம், ஒரு பொண்ணு."

"குடும்பத் தலைவர் யார்?"

"அதுலதானுங்க மேடம் கொஞ்சம் தகராறு இருக்குது."

ஒரு பாட்டி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. மரியஜோசப் சார் வாயைப் பொத்திக்கொண்டார். நான் முறைத்தேன், இவர் ஒன்றும் தெரியாதவர் போலக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அண்ணன் உத்தரவு என்று நினைத்துக்கொண்டேன்.

"நேற்று எத்தனை நடை ஓட்டினீர்கள்?"

"நேத்து ஓட்டலீங்க."

எனக்குப் புரியவில்லை. நேற்று விடியும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போனாரே. "முந்தா நேத்து?"

"அன்னைக்கும் இல்லீங்க. இந்த வாரமே ஓட்டலீங்க."

"காரணம்? வண்டிப் பழுது, மழை, பயணிகள் இல்லை..."

"வரிசையில பேரு இல்லீங்க."

ஸ்டாண்டில் வண்டிகள் வரிசைப்படிதான் ஆள் ஏற்றும். வரிசையில் பெயர் இல்லாதவன் ஒரு ஆளைக்கூட ஏற்ற முடியாது. அப்படியானால் இத்தனை நாளும் காலையில் எங்கே போனார்? சட்டையில் சாக்குத் தூசியோடு வந்தது ஞாபகம் வந்தது. ஏதோ எஸ்டேட்டில் மூட்டை ஏற்றியிருக்கிறார். நான் அந்தச் சட்டையைத் துவைக்கும்போதும் இவரைத் திட்டிக்கொண்டேதான் துவைத்தேன்.

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. என்ன கேட்பது என்று தெரியாமல், கண்ணுக்கு அடுத்து அகப்பட்ட கேள்வியை வாசித்தேன். "வரும் ஆண்டில் உங்கள் குடும்பத்தில் யாராவது வேலைக்காக வெளியூர் செல்லும் திட்டம் உள்ளதா?"

"இருக்குதுங்க."

"யார்?"

"நானுங்க. ஓசூருக்கு. கம்பெனி பஸ் ஓட்ட. வர்ற திங்கக்கெழம சேரச் சொல்லியிருக்காங்க."

சார் பதிவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் டேப்லெட்டைப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை, ஆனாலும் அந்தக் கேள்விக்கான காரணங்கள் எனக்கு மனப்பாடம். ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. "காரணம். குறைந்த வருமானம், வேலையின்மை, பிள்ளைகளின் படிப்பு, கடன், மற்றவை."

"மற்றவைங்க."

"மற்றவை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்."

அவர் என்னைப் பார்க்காமல், சாரைப் பார்த்துச் சொன்னார்.

"சம்சாரம் ரோப் கார் கம்பெனிக்கு வேலை பாக்குதுன்னு ஸ்டாண்டுல பேச்சு வந்துச்சுங்க சார். ஒண்ணு அத நிறுத்தச் சொல்லு, இல்ல வரிசையில இருந்து பேர எடுத்துக்கன்னாங்க. பேர எடுத்துட்டனுங்க."

"வீட்டுல ஏன் சொல்லல?" இது சார் கேட்டது.

"சொன்னா அவ வேலைய உட்டுருவா சார். இந்த வேலைக்கு வந்த பொறவுதானுங்க அவ ஊட்டுல பாட்டுப் பாடறா. கல்யாணமாகி இத்தன வருசத்துல நான் கேட்டதே இல்ல. காலையில பைய மாட்டிக்கிட்டு ஒரு நட நடந்து போவா பாருங்க, நான் ஜன்னல்ல நின்னு பாப்பனுங்க. அத எப்படிங்க நிறுத்தச் சொல்றது? வாயத் தொறந்தா எல்லாத்தையும் ஒளறிருவன்னுதான் பேசாமயே இருந்துட்டேன். ஊருக்குப் போறதுக்கு முன்னால, அவளுக்குக் காலியாக் கெடக்கற பகுதியில என் பதிலாவது ஏறட்டும்னுதானுங்க இன்னைக்கு வந்தேன்."

அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். எழுந்து நேராக அங்கப்பன் அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, ரோப் கார் வருதோ இல்லையோ, அது இன்னும் பேப்பர்லகூட ஏறல. அதுக்குள்ள ஒருத்தன் பொழப்ப எடுத்தது நீங்கதான். ரோப் காரு இல்ல. நான் உங்க நஷ்டத்தக் கேட்டு எழுதத்தான் நாயாட்டம் அலையறேன். நீங்க யாரும் சொல்லலைன்னா, இந்த மலையில ஜீப்பே ஓடலன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அப்ப இந்தக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே நில்லுங்க."

அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஸ்டாண்டுல எல்லாருமாப் பேசித்தாம்மா முடிவு பண்ணுனோம். திரும்பவும் எல்லாருமாத்தான் பேசோணும்," என்றார். சத்தமே இல்லை அவர் குரலில். அதற்கு மேல் அவரைக் கேட்க எனக்கும் மனசில்லை. அவரும் பயந்துபோன மனுஷன்தானே.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். எடுத்த பேட்டியை முடிக்க வேண்டும்.

"வெளியூர் செல்லும் முடிவை எடுத்தது யார்? கணவன், மனைவி, இருவரும் சேர்ந்து."

"கணவனுங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

"மனைவியைக் கேட்டீர்களா?"

அவர் நிமிர்ந்தார். "அது கேள்விப் பட்டியல்ல இருக்குதுங்களா மேடம்?"

"இல்ல. நான் கேக்கறேன்."

"கேக்கலீங்க."

"கேளுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். வெட்கப்பட்டார். கல்யாணத்தில் மாலை போடும்போதுகூட இந்த மனுஷன் இவ்வளவு வெட்கப்படவில்லை.

"சசி," என்றார். "நான் ஓசூருக்குப் போகட்டுமா?"

"வேண்டாங்க."

"வரிசையில பேரு இல்லையே?"

"சேத்தாச் சேக்கட்டும். சேக்கலைன்னா எஸ்டேட்டுல மூட்டை ஏத்துங்க. சாயங்காலம் நானும் வந்து ஒரு பக்கம் புடிக்கறேன். ஆனா இனிமே இந்த மாதிரி எனக்கு நல்லது பண்றதா இருந்தா, என்கிட்டச் சொல்லிட்டுப் பண்ணுங்க. நீங்க பேசாத ஊட்டுல இருந்துக்கிட்டு எனக்குப் பாட்டு வருமா?"

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்.

மரியஜோசப் சார் கனைத்தார். "வெளியூர் போறது... இருக்குதுன்னு பதிஞ்சு வெச்சிருக்கேனே. மாத்தணுங்களா?"

"மாத்துங்க சார்," என்றோம் இரண்டு பேரும்.