இடது கைக் கத்தரி

அண்ணன் கடையின் பின்னறைக் கதவைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முன்பக்கம் கண்ணாடி அலமாரி, மஞ்சள் விளக்கு, பட்டுத்துணி விரித்த தட்டுகளில் பழைய ஊசிப்பெட்டிகள், நூல்கண்டுக் கட்டைகள், எலும்பில் செய்த பின்னல் ஊசிகள் என்று கடை பளபளவென்று இருக்கும். பின்பக்கம் வந்தால்தான் வண்டவாளம் தெரியும். கசாப்புக் கடையிலிருந்து வாங்கிவந்த எலும்பு ஒரு பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் செதுக்கும் ஊசிகளுக்குத்தான் முன்பக்கத்தில் நூறு வயது. பக்கத்தில் நீல பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் கறுப்பாக ஏதோ குழம்பு.

"வா தங்கச்சி, பாத்து வா, வழுக்கும்" என்றான் அண்ணன், கையுறையோடு தொட்டியைக் கிளறியபடி.

அவள் தையல்காரி. ஆஸ்பத்திரிக்கு நாற்பது வெள்ளைக் கோட்டு திங்கட்கிழமைக்குள் வெட்டித் தைத்துக் கொடுக்க வேண்டும். துணி மேசையில் கிடக்கிறது, வெட்டத்தான் கத்தரி இல்லை. அம்மாவின் பெரிய கத்தரியை, "ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு நாளைக்கே தரேன்" என்று வாங்கிப்போன புண்ணியவான் பதினைந்து நாளாகப் போனை எடுக்கவில்லை. கடையில் விற்கும் கத்தரி எதுவும் அவளுக்கு உதவாது. அவள் இடது கைக்காரி. அவளுடைய அம்மாவும் அப்படித்தான். அந்தக் கத்தரி கொல்லரிடம் சொல்லி இடது கைக்கென்றே அடித்து வாங்கியது. மற்றக் கத்தரிகளில் மேலே வரும் அலகு அதில் கீழே வரும்.

"என் கத்தரி எங்கண்ணா?"

"இருக்கு, இருக்கு." அண்ணன் தொட்டியைக் காட்டினான். "நீ வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருந்தியா, பாக்கவே புதுசு மாதிரி இருந்துச்சு. அதையும் உள்ள போட்டு எடுத்துட்டேன். இப்பதான் பழசு மாதிரி இருக்கு."

"என்னண்ணா அது, இந்த நாத்தம் நாறுது?"

"வினிகர், உப்பு, வண்டியில இருந்து வடிச்ச எண்ணெய், கூட்டிப் பெருக்கின தூசி." பிறகு குரலைத் தாழ்த்திப் பெருமையாகச் சொன்னான். "ரெண்டு நாளைக்கு ஒருதரம் சொந்தச் சரக்கும், மூத்திரந்தான். துரு சும்மா அள்ளிக்கிட்டு வரும்."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோமே என்று அந்த நேரத்தில் தோன்றியது, வேண்டாத நினைப்பு.

கழுவிக் காயவைத்த கத்தரிகள் ஒரு சாக்கில் வரிசையாகக் கிடந்தன. பதினொன்று. எல்லாம் அம்மாவின் கத்தரியைப் பார்த்துப் பட்டறையில் அடித்தவை. அதே வளைவு, அதே பெரிய கைப்பிடி. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றுகூட இடது கைக் கத்தரி இல்லை. எல்லாவற்றிலும் அலகு மாறிக் கிடந்தது.

"பட்டறைக்கு என்ன படம் குடுத்த?"

அண்ணன் போனை எடுத்துக் காட்டினான். கத்தரியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியபடி தன்னைத்தானே எடுத்த படம். கத்தரியைப் படம் எடுக்கச் சொன்னால்கூட இவன் மூஞ்சி உள்ளே வந்தாக வேண்டும். போனின் முன்பக்கக் கேமரா படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிவிட்டிருக்கிறது. பட்டறைக்காரர் படத்தில் உள்ளபடியே அடித்துக் கொடுத்துவிட்டார். பிறந்ததிலிருந்து ஒரு முழத் துணி வெட்டியறியாத அண்ணனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"இதுல என்னோடது இல்ல."

"பன்னெண்டுல ஒண்ணு போன வாரம் போச்சு. அதுவா இருக்குமோ என்னவோ." அவன் தோளைக் குலுக்கினான். "ஒண்ணு எடுத்துட்டுப் போயேன். எல்லாம் ஒண்ணுதான்."

அவள் வாயைத் திறப்பதற்குள் முன்பக்கம் மணி அடித்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, அந்தக் கண்ணாடிக்காரம்மா! அதேதான், போன வாரம் வாங்கினது. நீயும் வா, வந்து சும்மா நில்லு" என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனான்.

தடித்த மூக்குக்கண்ணாடி போட்டு வந்தவள் பழைய தையல் சாமான்கள் சேர்ப்பவள். கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய கத்தரியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"இது போலிங்க. துணியவே வெட்டல, மடிச்சு மடிச்சு மெல்லுது. நிஜமாவே ஒரு தையல்காரி வெச்சிருந்ததுன்னா இப்படியா இருக்கும்? எனக்கு ஒரிஜினலைக் குடுங்க."

தையல்காரி மேசையைப் பார்த்தாள். அம்மாவின் கத்தரி. துருவும் பிசுக்குமாக, குப்பையில் பொறுக்கியதுபோல, ஆனால் அதேதான். வலது கையால் வெட்டினால் அது மெல்லத்தான் செய்யும்.

அண்ணன் கூசாமல் உள்ளே போய் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துவந்தான். "மன்னிச்சுக்கங்கம்மா, மாறிப்போச்சு. இதுதான் எங்கம்மாவோடது. கடைசி மூச்சு வரைக்கும் கையை விட்டு இறக்கல." ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி மூச்சு போனபோது அவன் ஊரிலேயே இல்லை.

கண்ணாடிக்காரம்மா கைப்பிடியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தாள். "ஆஹா. எத்தனை வருஷத்து உழைப்பு!"

தையல்காரிக்கு அது எத்தனை நாள் உழைப்பு, யாருடைய உழைப்பு என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது.

"நீங்க அவங்க மகளா?" என்று அந்த அம்மாள் திரும்பினாள். "சத்தியமா சொல்லுங்க, இதுதானா? அவங்க எப்படிப் பிடிச்சு வெட்டுவாங்க, கொஞ்சம் காட்டுங்களேன்."

உண்மையைச் சொன்னால் அம்மாவின் கத்தரி மறுபடியும் அந்தக் கைப்பைக்குள் போய்விடும். நாற்பது கோட்டும் மேசையில் கிடக்கும். அண்ணன் பின்னாலிருந்து கண்ணடித்தான். அந்தக் கண்ணைத் தோண்டிவிடலாம் என்று ஆத்திரமாக வந்தது.

அவள் போலிக் கத்தரியை வலது கையில் வாங்கினாள். பழக்கமில்லாத கை, கட்டைவிரல் வளையத்துக்குள் சரியாக உட்காரவில்லை. துண்டுத் துணி ஒன்றை எடுத்து வெட்டிக் காட்டினாள். புதுக் கத்தரி, வழுக்கிக்கொண்டு போனது.

"இதுதாங்க. எங்கம்மா இப்படித்தான் வெட்டுவாங்க."

கண்ணாடிக்காரம்மா கண் கலங்கிவிட்டாள். அவள் தலை மறைந்ததும் அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "நடிச்சுக் கொன்னுட்ட போ!"

அவள் பிசுக்கேறிய கத்தரியை இடது கையில் எடுத்து அதே துணியில் ஓட்டினாள். சரக்கென்று நேராக வெட்டியது.

அண்ணன் வாயைப் பிளந்தான். "இதையா அந்தம்மா போலின்னு குடுத்துட்டுப் போச்சு? அப்ப ஏன் வெட்டலையாம்?"

"இது இடது கைக் கத்தரி. அம்மா இடது கைக்காரி."

"அம்மாவா? போடி. யாரு சொன்னா?"

அவள் அவனைப் பார்த்தாள். ஐம்பது வயது. இருபத்தைந்து வருஷம் அந்தக் கை போட்டதைத் தின்றவன்.

"அம்மாகிட்ட எத்தனை அறை வாங்கியிருக்க? எந்தக் கன்னத்துல விழும்?"

அவன் கை தானாக எழுந்து வலது கன்னத்தைத் தொட்டது. ஒரு கணம் முகம் சின்னப் பையன் முகம்போல ஆனது. அவளுக்குக்கூட மனசு இளகப் பார்த்தது. கையைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே அவன் சொன்னான்:

"இந்த அறைக் கதைய அடுத்த ஆளுக்குச் சொல்லலாம்ல? நல்லா எடுபடும். நீயும் வந்து இதே மாதிரி வெட்டிக் காட்டு."

"தூ!" என்றாள். அண்ணன் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து கத்தரியைச் சுடுதண்ணீரில் போட்டாள், தேய்த்தாள், துடைத்தாள், எண்ணெய் விட்டாள். சாயங்காலத்துக்குள் அதில் நாற்றம் போய்விட்டது. முதல் கோட்டுக்கான துணியை விரித்து இடது கையில் கத்தரியை எடுத்தாள். துணியை அழுத்திப் பிடிக்க வலது கையை வைத்தவள், வெள்ளைத் துணியில் பட்டுவிடுமோ என்று வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். எழுந்துபோய், கடையில் வெட்டிக் காட்டிய அந்தக் கையை மட்டும் நாலாவது தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.